நல்லது மூன்று

நாகமலை புதுக்கோட்டை
2.2.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

ஜெரால்ட் எழுதுகிறேன். உயிரோடு இருக்கிறேன், மற்றதை அப்புறம் சொல்கிறேன். உன் சுகர் எப்படி இருக்கிறது? முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போல் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே படுத்துவிடுகிறாயா?

குடியை நிறுத்த என்னை நீ இந்த இல்லத்தில் கொண்டுவந்து விட்டு இன்றோடு ஏழு நாள். செல்போனை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். நூறு நாள் முடியும்வரை போனும் கிடையாது, ஆள் வந்து பார்ப்பதும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடிதம் எழுதலாம். பேனாவைப் பிடித்தால் கை நடுங்குகிறது. எழுதிப் பழக்கம் விட்டுப்போனதால் வந்த நடுக்கம் இல்லை என்று உனக்கும் தெரியும்.

காலை ஐந்துக்கு மணி அடிக்கிறார்கள். பதினாலு வருஷம் பி.டி. மாஸ்டராக விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினவனுக்கு மணி! எழுந்ததும் போர்வையை நான்காக மடிக்க வேண்டும். மடிப்பு கோணலாக இருந்தால் உதறிவிட்டுத் திரும்ப மடிக்க வேண்டும். பிறகு ஓட்டம், குளியல், தோட்ட வேலை, வகுப்பு. ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்ட ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். நாள்தாள் என்று பெயர். செய்து முடித்தால் டிக் போட வேண்டும். தாளின் அடியில் ‘இன்று நல்லது மூன்று’ என்று போட்டு மூன்று கோடு. தினமும் நிரப்ப வேண்டும், காலியாக விடக்கூடாது. வீட்டுக்கு எழுதும் கடிதத்திலும் அப்படியே எழுத வேண்டுமாம்.

பொறுப்பாளர் பெயர் உக்கிரபாண்டி. அவரும் ஒரு காலத்தில் குடித்துவிட்டுச் சாக்கடையோரம் கிடந்தவர்தான். “ஒண்ணுமே நல்லது நடக்கலைன்னா மூச்சு வந்துச்சுன்னு எழுதுங்க சார். அதுவும் நல்லதுதானே?” என்கிறார். முதல் நாள் நான் எழுதினது இது: ஒன்று, சாம்பாரில் உப்பு இருந்தது. இரண்டு, உப்பு அதிகமாகவே இருந்தது. மூன்று, நாளைக்கும் இருக்கும். மனுஷர் சிரிக்கவே இல்லை.

கிண்டல் கிடக்கட்டும் அக்கா. ஆஷ்லின் கை எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்தாகிவிட்டதா? முழங்கை மடங்குகிறதா? அன்றைக்கு பைக் சாய்ந்தபோது பிள்ளை அழவே இல்லை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து நான் கூட்டிவந்த பிள்ளை, கையில் ஜெபப் புத்தகத்தோடு ரோட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பது வயது மகளுக்கு அப்பனின் வாய் வாடை தெரியாமலா இருந்திருக்கும்?

அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் புதுநன்மை மே 11. என் நூறாவது நாள் மே 6. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். வெள்ளைக் கவுன் போட்டு அவள் பீடத்துக்கு நடக்கும்போது நான் பக்கத்தில் நடக்க வேண்டும், வாடை இல்லாமல். அதற்காகத்தான் இந்தப் போர்வையை மடிக்கிறேன். வேறு எதற்காகவும் இல்லை.

ஷெரின் கோபமாகத்தான் இருப்பாள், பெண்டாட்டிக்கு அந்த உரிமை உண்டு. இருக்கட்டும். ஒரு வரி எழுதச் சொல்.

நல்லது மூன்று: உனக்கு எழுதிவிட்டேன். எழுதிவிட்டேன். எழுதிவிட்டேன்.

உன் தம்பி,
ஜெரால்ட்

* * *

சேசு மரி சூசை

பழங்காநத்தம்
7.2.2025

அன்புத் தம்பி ஜெரால்டுக்கு,

அக்கா விக்டோரியாவின் ஆசீர். உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை சிரித்தேன், ஒரு தடவை அழுதேன், சரியாகப் போய்விட்டது. சுகர் நூற்றுத் தொண்ணூறு. முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? தூக்கம் வருகிறதா?

நீ போன மறுநாளே எனக்கும் அங்கிருந்து ஒரு கட்டு நாள்தாள் வந்துவிட்டது. வீட்டிலும் ஒரு ஆள் கூடவே பழக வேண்டுமாம். “அடப் பாவமே, குடிச்சது அவன், டிக் போடுறது நானா?” என்று போனிலேயே கேட்டுவிட்டேன். உன் உக்கிரபாண்டி பொறுமையாக, “தனியா எந்திரிக்கிறதுக்கும், இந்நேரம் அக்காவும் எந்திரிச்சிருப்பாங்கன்னு நினைச்சு எந்திரிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குல்லம்மா?” என்றார்.

ஆகவே நானும் மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். ஐந்தரைக்கு எழுந்து பூசைக்கு நடந்து போவது. டீயில் சீனி போடாமல் இருப்பது. உன்னைத் திட்டாமல் இருப்பது. முதல் கட்டம் நிறைந்து வருகிறது. இரண்டாவது பாதி. மூன்றாவதில் இன்னும் ஒரு டிக் கூட விழவில்லை.

ஆஷ்லினுக்குப் போன வாரமே கட்டுப் பிரித்துவிட்டார்கள் என்று ஷெரின் அப்போது போனில் சொன்னாள். இந்த நாலைந்து நாளாகப் போன் எடுக்கவில்லை. லேபில் டூட்டி மாறியிருக்கும். நாளைக்குச் சனிக்கிழமை, பள்ளிக்கூட ஆபீஸ் அரை நாள்தான். அப்படியே கே.கே. நகர் போய் நேரில் பார்த்து உன் கடிதத்தையும் காட்டிவிட்டு வாரேன். நீ மனதைப் போட்டு உழப்பாதே. போர்வையை மடி.

நல்லது மூன்று: நீ எழுதினாய். எழுத்து கோணலாக இருந்தாலும் பொய் இல்லை. மூன்றாவது, இன்றைக்கு உன்னைத் திட்டவில்லை, டிக் போடப் போகிறேன்.

உன் அக்கா,
விக்டோரியா

* * *

தூத்துக்குடி
10.2.2025

மதினிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். சனிக்கிழமை நீங்கள் கே.கே. நகர் வீட்டுக்கு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் படியில் உட்கார்ந்திருந்ததாக ஹவுஸ் ஓனர் சொன்னார். உங்களிடம் சொல்லாமல் வந்தது தப்புதான். போனில் பேசினால் நீங்கள் அழுவீர்கள், நான் மனம் மாறிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆஷ்லினோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் லேப் வேலை கிடைத்துவிட்டது. அவளையும் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. இனி மதுரைக்கு வருவதாக இல்லை. புதுநன்மையும் இங்கேதான், அதே மே 11 சாயங்காலம்.

அவர் திருந்தமாட்டார் என்று நான் சொல்லவில்லை. திருந்தட்டும், நன்றாக இருக்கட்டும். பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டே அன்று அவர் குடித்துவிட்டு மைக்கைப் பிடுங்கியபோது பொறுத்தேன், அவரை சஸ்பெண்ட் செய்தபோதும் பொறுத்தேன். பிள்ளையின் கையை எக்ஸ்ரேயில் பார்த்தபோது முடிந்துவிட்டது. திருந்துகிறாரா திருந்துகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருக்க எனக்குத் தெம்பு இல்லை மதினி.

அவருக்கு எப்போது சொல்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஷெரின்

* * *

நாகமலை புதுக்கோட்டை
17.2.2025

மதிப்பிற்குரிய விக்டோரியா அம்மாவுக்கு வணக்கம்.

நீங்கள் போனில் அழுதுகொண்டே சொன்னதில் எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் விஷயம் புரிந்தது. ஜெரால்ட் சாருக்கு இன்று இருபத்திரண்டாம் நாள். இப்போதுதான் கை நடுக்கம் குறைந்திருக்கிறது.

சொல்வதா வேண்டாமா என்று கேட்டீர்கள். சொல்வதானால் நேரில் வாருங்கள், அதற்கு மட்டும் அனுமதி தருகிறேன், நானும் பக்கத்தில் இருக்கிறேன். கொஞ்ச நாள் சொல்லாமல் இருப்பதானாலும் சரி. ஆனால் பொய் எழுத வேண்டாம் அம்மா. பொய் சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் எல்லோரும் இங்கே வந்து சேர்ந்தோம்.

இப்படிக்கு,
உக்கிரபாண்டி, பொறுப்பாளர்

* * *

நாகமலை புதுக்கோட்டை
23.2.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்த முறை நிஜமாகவே நலம். நீ எப்படி இருக்கிறாய்? ஏன் பதினாறு நாளாகக் கடிதம் இல்லை? சுகர் ஏறிப்போய்ப் படுத்துவிட்டாயா?

இன்றைக்கு இருபத்தெட்டாம் நாள். நேற்றுக் காலையில் டம்ளர் நிறையத் தண்ணீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தேன். நாள்தாளில் முதல் நல்லதாக அதைத்தான் எழுதினேன். மணி அடிக்கும் முன்னாலேயே விழிப்பு வந்துவிடுகிறது. போர்வை மடிப்பு இப்போது கத்தி மாதிரி நிற்கிறது.

உக்கிரபாண்டி அண்ணன் போன வாரம் என்னைக் கூப்பிட்டு ஒரு விசிலைக் கையில் கொடுத்தார். “காலை டிரில்லை நீங்களே எடுங்க சார்.” அக்கா, ஸ்போர்ட்ஸ் டேக்கு அப்புறம் நான் விசிலைத் தொடவே இல்லை. அன்றைக்கு மைக்கில் நான் உளறியபோது முன்வரிசையில் ஆஷ்லின் கையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விசிலைப் பார்த்தால் அந்த விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன. ஆனாலும் ஊதினேன். இருபத்தேழு பேர் வரிசையாக நின்றார்கள். என் பக்கத்துக் கட்டில்காரர் காளை, பழ வண்டி தள்ளினவர், ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பக்கம் திரும்புகிறார். கேட்டால், “வாத்தியாரே, எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரிஞ்சிருந்தா நான் ஏன் இங்க வாரேன்?” என்கிறார். எல்லோரும் சிரித்தோம். குடிக்காமல் சிரித்து எம்புட்டு நாளாச்சு என்று அப்புறம்தான் தோன்றியது.

கே.கே. நகர் போனாயா? ஷெரின் என்ன சொன்னாள்? அவள் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. பிள்ளையை ஒரே ஒரு வரி எழுதச் சொல். முப்பதாம் நாள் வரும்போது ரொம்பப் பேர் சுவர் ஏறிக் குதித்துவிடுவார்களாம். எனக்கும் சாயங்காலம் ஆனால் கால் அந்தச் சுவர்ப் பக்கமே போகிறது. பிள்ளை எழுதின தாள் ஒன்று கையில் இருந்தால் போகமாட்டேன்.

நல்லது மூன்று: தண்ணீர் சிந்தவில்லை. விசில் சத்தம் வந்தது. மே 11 இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது.

ஜெரால்ட்

* * *

சேசு மரி சூசை

பழங்காநத்தம்
5.3.2025, சாம்பல் புதன்

அன்புத் தம்பிக்கு,

ஆசீர். நான் படுக்கவில்லை, ஆபீஸில் வருஷக் கடைசி வேலை, அதனால்தான் எழுத முடியவில்லை. சுவர்ப் பக்கம் போகாதே. என்ன காரியம் எழுதுகிறாய் நீ? அதைப் படித்ததில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கே.கே. நகர் போய் வந்தேன். எல்லோரும் சுகம். ஷெரினுக்கு இரட்டை டூட்டி, எழுத நேரம் இல்லை. நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. பிள்ளை எழுதினதை இதோடு வைத்திருக்கிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

இன்றைக்கு நெற்றியில் சாம்பல் பூசும்போது உன் பெயரைச் சொல்லிக்கொண்டேன்.

நல்லது மூன்று: பிள்ளை எழுதினது ஒன்று. நீ டிரில் எடுப்பது இரண்டு. இன்றைக்கு டீயே குடிக்கவில்லை, அது மூன்று.

விக்டோரியா

(உடன் வைத்த தாள்)

சேசு மரி சூசை

அன்புள்ள அப்பாவுக்கு, நான் நலம். நீங்கள் நலமா? என் கை நன்றாக இருக்கிறது. நான் தினமும் உங்களுக்காக ஜெபமாலை சொல்கிறேன். நீங்கள் தினமும் சீக்கிரம் எழுந்திருங்கள். எனக்கு நல்லது மூன்று. ஒன்று, கணக்கில் 48 மார்க். இரண்டு, அம்மா இடியாப்பம் செய்தாள். மூன்று, புதுநன்மைக்கு நீங்கள் வருவீர்கள். உங்கள் மகள், ஆஷ்லின்.

* * *

நாகமலை புதுக்கோட்டை
9.3.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். தாள் கிடைத்தது. உக்கிரபாண்டி அண்ணன் அதைப் படித்துவிட்டு என் கையில் கொடுக்க ரொம்ப நேரம் யோசித்தார், ஏனென்று தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். காளை எட்டிப் பார்த்து, “மக எழுதுனதா வாத்தியாரே? எம்புட்டு அழகா எழுதியிருக்கு!” என்றார். ஆமாம் என்று சொன்னேன்.

இன்று நாற்பத்திரண்டாம் நாள். தாளை நாள்தாள் அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பல் தேய்க்கும் முன்னால் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அதற்கப்புறம் போர்வை, ஓட்டம், குளியல் எல்லாம் தன்னால் நடக்கிறது. நேற்று இருபது சுற்று ஓடினேன். சாயங்காலம் சுவர்ப் பக்கம் போகவில்லை.

மாதம் ஒன்று அனுப்பினால் போதும் அக்கா. நீண்டதாக வேண்டாம். அவளைக் கஷ்டப்படுத்த வேண்டாம். கை வலிக்கும்.

நல்லது மூன்று: தாள் வந்தது. அதை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படிக்கும்போது குடித்திருக்கவில்லை.

ஜெரால்ட்

* * *

சேசு மரி சூசை

பழங்காநத்தம்
28.3.2025

அன்புத் தம்பிக்கு,

ஆசீர். உன் கடிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். இதோடு ஆஷ்லின் எழுதின இன்னொரு தாள் இருக்கிறது. சுருக்கமாகத்தான் இருக்கும், பரீட்சை நேரம்.

எனக்கு ஒன்றுமில்லை. கொஞ்சம் களைப்பு. காலையில் எழுந்திருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, உடம்பு கேட்பதில்லை. அடுத்த வாரக் கடைசியில் வெளியூர் போக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதனால் கடிதம் தாமதமாகும். தேடாதே. நீ ஓடுவதாக எழுதியிருந்தாயே, அதை மட்டும் விட்டுவிடாதே.

நல்லது மூன்று: பால் பொங்கி வழியவில்லை. துணி காய்ந்துவிட்டது. மூன்றாவது அப்புறம் எழுதுகிறேன்.

விக்டோரியா

* * *

நாகமலை புதுக்கோட்டை
20.4.2025, உயிர்ப்பு ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

பாஸ்கா வாழ்த்துகள். நீ எப்படி இருக்கிறாய்? வெளியூர் போனவள் வந்துவிட்டாயா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உன் மூன்றாவது நல்லது இன்னும் வந்து சேரவில்லை.

எண்பத்து நாலாம் நாள். ஐந்து கிலோ கூடியிருக்கிறேன். காளை போன வாரம் சுவர் ஏறிக் குதித்துவிட்டார். இரண்டாம் நாள் அவரே கேட் பக்கம் வந்து உட்கார்ந்து அழுதார், மறுபடி முதல் நாளில் இருந்து எண்ண வேண்டும். அவரால் போர்வையைத் தூக்கக்கூட முடியவில்லை. நான்தான் மடித்துக் கொடுத்தேன். நான் எந்த இடத்தில் இருந்து வந்திருக்கிறேன் என்று அந்தப் போர்வையைப் பிடித்தபோது தெரிந்தது.

மே 7 காலையில் என்னை விடுகிறார்கள். நேரே உன்னிடம் வாரேன். என் வெள்ளைச் சட்டை உன் பீரோவில் இருக்கிறது, கல்யாணத்துக்கு எடுத்தது. தேய்த்து முன்கூட்டியே இங்கே அனுப்பிவை, போட்டுக்கொண்டே வெளியே வர வேண்டும். ஷெரின் பேசாவிட்டால் பின்வரிசையில் நிற்கிறேன். தூணுக்குப் பின்னால் நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன். பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது நான் நேராக நின்றுகொண்டிருந்தால் போதும்.

எதையாவது எழுது அக்கா. எதுவாக இருந்தாலும் எழுது. எண்பத்து நாலு நாள் விடாமல் எழுந்தவன், தாங்குவேன்.

நல்லது மூன்று: விழித்தேன். ஓடினேன். காளை திரும்பி வந்தார்.

ஜெரால்ட்

* * *

சேசு மரி சூசை

பழங்காநத்தம்
2.5.2025

ஜெரால்ட்,

சட்டை இந்தப் பார்சலில் இருக்கிறது. தேய்த்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை உக்கிரபாண்டி பக்கத்தில் இருக்கும்போது படி. நான் நேரில் வந்து சொல்ல வேண்டியது. அந்த மனுஷர் பிப்ரவரியிலேயே சொன்னார். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

கே.கே. நகர் வீடு பூட்டிக் கிடக்கிறது. நீ அங்கே போன இரண்டாவது வாரமே ஷெரின் பிள்ளையோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். இனி வரமாட்டாள். புதுநன்மையும் அங்கேதான். இரண்டு தாளையும் எழுதினது நான். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் அடுத்தவருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த கை, பிள்ளை எழுத்து எழுத அதற்குத் தெரியாதா? சுவர்ப் பக்கம் கால் போகிறது என்று நீ எழுதினாய். என்னிடம் இருந்தது அந்தப் பொய் ஒன்றுதான்.

ஏப்ரல் 6 தூத்துக்குடி போயிருந்தேன். அதுதான் அந்த வெளியூர் வேலை. கெஞ்சிக் கூத்தாடியாவது கூட்டி வந்துவிடலாம் என்று போனேன். ஷெரின் கதவைத் திறந்து, காப்பி கொடுத்து, பிள்ளையோடு உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நல்ல பெண்ணடா அவள். ஆஷ்லின் கையை நீட்டிக் காட்டினாள், முழுசாக நீளவில்லை. நான் ஆசை ஆசையாகச் சொன்னேன்: “அப்பா தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறார்டா. ஓடுறார். குடிக்கிறதே இல்ல. நல்லாயிட்டு வாரார்.” பிள்ளை முகம் சுருங்கிப்போனது. சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, ரகசியமாக என்னிடம் கேட்டாள்: “அத்தே, அப்பா நல்லாயிட்டா நாங்க திரும்பவும் அங்க வரணுமா?”

அவ்வளவுதான் கேட்டாள். தெருவில் பைக் சத்தம் கேட்டபோது என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். இருபத்தாறு நாளாக அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன். நீ அங்கே ஒவ்வொரு நாளாக நல்லாகிக்கொண்டிருக்கிறாய், இங்கே ஒரு பிள்ளை அதற்குத்தான் பயப்படுகிறது. இதை நான் எந்தக் கோட்டில் எழுதுவேன்?

நாள்தாள் நிரப்புவதை மார்ச்சிலேயே விட்டுவிட்டேன். டீயில் மூன்று கரண்டி சீனி போடுகிறேன். நல்லது எழுதச் சொல்லாதே, என்னிடம் ஒன்றும் இல்லை. என்னைத் திட்டு. திட்டிவிட்டு உயிரோடு இரு.

விக்டோரியா

* * *

நாகமலை புதுக்கோட்டை
11.5.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். குடிக்கவில்லை. இதை முதலில் எழுதச் சொன்னார் உக்கிரபாண்டி அண்ணன். நீ மாத்திரை போட்டாயா? சீனியைக் குறை.

உன்னைத் திட்ட எனக்கு ஒன்றும் இல்லை. அந்தத் தாள் பிள்ளை எழுதியது இல்லை என்று கையில் வாங்கியவுடனேயே தெரியும். தலையில் சேசு மரி சூசை என்று போட்டிருந்தாயே. மளிகைச் சீட்டுக்குக்கூட அதைப் போடாமல் நீ முதல் வரி எழுதமாட்டாய், அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். ஆஷ்லினுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஷெரின் எழுத விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஊரை விட்டே போனது தெரியாது. நீ எழுதினது என்று தெரிந்துதான் தினமும் பல் தேய்க்கும் முன்னால் அதைப் படித்தேன். யார் எழுதினால் என்ன, எழுந்திருக்க எனக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

நூறாவது நாளுக்கு எனக்கு மாலை போட்டார்கள். காளை கைதட்டினார். மே 7 வெளியே போகவில்லை, டிரில் எடுத்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன் என்று அண்ணனிடம் கேட்டேன், சரி என்றார். இன்றைக்கு மட்டும் பகலில் வெளியே போக அனுமதி வாங்கினேன். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் போனேன். நாளைக்கு அழகர் ஆற்றில் இறங்குகிறார், ஊர்ப்பட்ட சனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் தூத்துக்குடி பஸ் நிற்கிற இடத்தில் ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். சாயங்காலப் பூசைக்கு நேரம் இருந்தது. கண்டக்டர் ஒருவர், “அண்ணே, ஏறுங்க, சீட் இருக்கு, இப்ப எடுத்துருவோம்” என்று இரண்டு தடவை கூப்பிட்டார். தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கால் எழுந்தது. பிள்ளை திரும்பிப் பார்த்துவிட்டால்? வெள்ளைக் கவுனில், எல்லோர் முன்னாலும், பயந்துவிட்டால்? நாலு பஸ் போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குக் கடை திறப்பார்கள். பதினொன்றரைக்கு எழுந்து ஓடிவந்து நாகமலை பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

இப்போது மணி ஐந்தரை. இந்நேரம் பீடத்துக்கு நடந்திருப்பாள். நூறு நாள் போர்வை மடித்தது அவள் பக்கத்தில் நடக்க என்று நினைத்திருந்தேன். போகாமல் இருக்கத்தான் அது பயன்பட்டது. அக்கா, தாங்க முடியவில்லை. தாங்குவேன் என்று எழுதினது பொய்.

இதற்குள் இன்னொரு தாள் இருக்கிறது. அதை மட்டும் ஷெரினுக்கு அனுப்பிவிடு. ‘ஆஷ்லினுக்கு, அப்பா எழுதுகிறேன். நான் நல்லாகிவிட்டேன். ஆனாலும் நீங்கள் திரும்பி வர வேண்டியதில்லை. நானும் அங்கே வரமாட்டேன். பயப்படாமல் இரு.’ அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான், நடுக்கம் இல்லை.

நல்லது மூன்று. ஒன்று, ஐந்து மணிக்கு எழுந்தேன். இரண்டு, பஸ்ஸில் ஏறவில்லை. மூன்றாவது கோடு காலியாக இருக்கிறது. அண்ணன் காலியாக விடக்கூடாது என்கிறார். நீ ஏதாவது எழுதி அனுப்பு, பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. மேலே சேசு மரி சூசை போட்டே எழுது. நீதான் எழுதுகிறாய் என்று தெரிந்தே படிக்கிறேன்.

உன் தம்பி,
ஜெரால்ட்